நான்காவது கையெழுத்து

பிப்ரவரியில் வந்தார்கள், மூன்று பேர்.
யோயென்சுவுக்குப் பிப்ரவரியில் யாரும் வருவதில்லை.
ஸாதாரிலிருந்து அரசு வழக்கறிஞர் யாகொடா விதூலிச்,
சார்டீனியத் தீவின் நீதிபதி எஃபீசியோ பீராஸ்,
கென்ட் நகர நீதிமன்ற எழுத்தர் கோடலீவ.
(அவர் குடும்பப் பெயரைக் கடைசி நாள்வரை
நான் சரியாகச் சொல்லவே இல்லை.)

கூட்டிப்போக, காட்ட, காபி ஊற்ற
பதிவறையிலிருந்து என்னைப் பிடித்தார்கள்.
எனக்கு ஆங்கிலம் கொஞ்சம் வரும்,
மௌனம் நன்றாக வரும்.

முதல் நாள் எல்லாம் காட்டினேன்:
கோப்புகளே இல்லாத கோப்பறை,
தானே பூட்டிக்கொள்ளும் கதவு.
"எவ்வளவு அமைதி!" என்றார் பீராஸ்.
அவர் ஊரில் வழக்காட வருகிறவர்கள்
பாதி வழக்கைப் படிக்கட்டிலேயே முடித்துவிடுவார்களாம்,
மீதிக்குத்தான் அவராம்.
சிரித்தேன். கொஞ்சம் பெருமையும் இருந்தது.

மூன்றாம் நாள், இரண்டாம் கூடம்.
அணுகல் தடை கேட்டு மனு.
வலப்பக்கம் அவள், இடப்பக்கம் அவன்,
நடுவே ஒரு தண்ணீர்க் குடுவை.
யாரும் குரல் உயர்த்தவில்லை.
ஓராண்டுக்கு நெருங்கக் கூடாது, அழைக்கக் கூடாது,
பின்தொடரக் கூடாது என்று
நீதிபதி வாசித்தார், நான் முத்திரை வைத்தேன்,
மூவரும் குறிப்பெடுத்தார்கள்.
முப்பத்தைந்து நிமிடம். நேரத்துக்கு முடிந்ததில்
எனக்கு நிறைவு.

காபி வேளையில் யாகொடா ஜன்னலோரம் நின்றார்,
கோப்பையை இரு கைகளாலும் பொத்திக்கொண்டு.
"அவர்கள்தானே அது?"

கீழே பேருந்து நிழற்குடை.
வெளியே மைனஸ் இருபத்திரண்டு.
கண்ணாடிக் கூண்டுக்குள் ஒரே பெஞ்சு,
ஒரு முனையில் அவள், மறுமுனையில் அவன்.
இருவர் மூச்சும் வெள்ளையாய்க் கிளம்பி
ஒரே கண்ணாடியில் படிந்துகொண்டிருந்தது.
இருவர் பையிலும் ஒரே ஆணையின் பிரதி,
அச்சின் சூடு ஆறாதது.

பதினோரு வருடமாக அந்த ஜன்னலில்
ஒரு ஜெரேனியத்துக்குத் தண்ணீர் ஊற்றுகிறேன்.
நிழற்குடை அங்கிருப்பது தெரியும்.
தீர்ப்புக்குப் பிறகு எல்லோரும்
அதே பேருந்துக்குத்தான் போயாகவேண்டும் என்பது
தெரியாது.

கோட்டு மாட்டாமல் ஓடினேன்.
வாயில் வந்ததைச் சொன்னேன்:
"ஒரு கையெழுத்து விட்டுப்போயிற்று, மேலே வாருங்கள்."
அவன் நிமிரவில்லை.
பேருந்து வந்தது, அவனை ஏற்றிக்கொண்டு போனது.

மேலே வந்து கையுறையைக் கழற்றி
"எங்கே?" என்றாள்.
மேசையில் வேறெதுவும் இல்லை,
விருந்தினர் வருகைப் பதிவைத் தவிர.
நீட்டினேன்.
விதூலிச், பீராஸ், நான் உச்சரிக்காத அந்தப் பெயர்,
அதன் கீழே, நான்காம் வரியில்,
விறைத்த விரல்களின் கோணலோடு அவள்.

அடுத்த பேருந்துக்கு நாற்பது நிமிடம்.
கோடலீவ அவளுக்கும் ஒரு கோப்பை ஊற்றினார்.
பீராஸ் தொலைபேசியில் தன் ஆடுகளைக் காட்டினார்.
அவள் தன் நாயைக் காட்டினாள்.
சேர்ந்து பேச ஒரு மொழி இல்லை, பரவாயில்லை,
வழக்கைப் பற்றி யாரும் பேச வேண்டியிருக்கவில்லை.

வெள்ளிக்கிழமை அறிக்கைப் படிவம்.
'இங்கிருந்து எதை எடுத்துச் செல்கிறீர்கள்?'
மற்ற இருவரும் மின்கோப்பு பற்றி அரைப்பக்கம்.
யாகொடா ஒரு வரி:
"எங்கள் ஊர்ப் பேருந்து நேரங்களைப் பார்க்கவேண்டும்."

இப்போது இரண்டாம் கூடத்தில், முத்திரைப் பெட்டியருகே,
ஏழாம் எண் பேருந்தின் அட்டவணையை ஒட்டியிருக்கிறேன்.
முதலில் அவளை அனுப்புகிறோம், யாராக இருந்தாலும்.
அவனுக்குப் படித்துப் பார்க்க இன்னொரு தாள்,
பிறகு இன்னொன்று.
சட்டத்தில் இதற்குப் பிரிவு கிடையாது.

கணக்குப் பிரிவிலிருந்து மூன்று முறை கூப்பிட்டுவிட்டார்கள்.
நான்காவது விருந்தினர் யார்,
மதிய உணவுப் படி ஏன் வாங்கவில்லை,
எந்த நாடு என்ற கட்டத்தில்
ஏன் ஒன்றும் எழுதவில்லை?